செயின்ட் அகஸ்டினுக்கு அரை நாள் போதாது: தமிழ்ச் சங்கச் சுற்றுலாப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். புளோரிடாவிலும் ஜார்ஜியாவிலும் உள்ள தமிழ்ச் சங்கங்கள் குளிர்கால விடுமுறைக்கு ஏற்பாடு செய்யும் பேருந்துப் பயணங்களைப் பற்றி எழுதுகிறேன். ஆர்லாண்டோ தீம் பார்க்குகளுக்கு மூன்று நாள், கென்னடி விண்வெளி மையத்துக்கு ஒரு நாள், திரும்பும் வழியில் செயின்ட் அகஸ்டினுக்கு அரை நாள் என்பதுதான் பெரும்பாலும் நாம் போடும் திட்டம். அந்த அரை நாளை முழு நாளாக்குங்கள், முடிந்தால் ஓர் இரவு தங்க வையுங்கள் என்று கேட்கவே இந்த மடல். கூடவே, பார்க்கிற இடங்களின் வரிசையையும் மாற்றச் சொல்லிக் கேட்கிறேன்.

நான் ஜாக்சன்வில்லில் குடியிருப்பவன். இங்கிருந்து தெற்கே ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம் என்பதால், வீட்டுக்கு யார் வந்தாலும் அங்கே கூட்டிப் போவது வழக்கமாகிவிட்டது. சுமார் 15,000 பேர் வாழும் சின்ன ஊர் அது. 1565-ல் ஸ்பானியர்கள் நிறுவியது. ஐரோப்பியர் குடியேறி இன்றுவரை தொடர்ந்து மக்கள் வாழும் ஊர்களில், இந்த நாட்டின் நிலப்பரப்பில் இதுவே மிகப் பழையது. இந்த ஒரு வரியைப் பேருந்தில் மைக் பிடித்துச் சொல்லிவிட்டு, கோட்டை முன் குரூப் போட்டோ, செயின்ட் ஜார்ஜ் தெருவில் ஐஸ்கிரீம், டிராலி வண்டியில் ஒரு சுற்று, 'இளமை ஊற்று' தண்ணீர் ஒரு மடக்கு என்று முடித்துவிடுகிறோம். இவற்றில் எதையும் நான் குறை சொல்லவில்லை. இந்த ஊர் நமக்குச் சொல்ல வைத்திருக்கிற பெரிய கதை இந்த வரிசையில் எங்குமே வருவதில்லை என்பதுதான் என் வருத்தம்.

கோட்டையிலேயே தொடங்குங்கள், சரிதான். காஸ்டியோ டி சான் மார்க்கோஸ் 1672-ல் கட்டத் தொடங்கி 1695-ல் முடிந்தது. வாசலோடு திரும்பிவிடாமல் எல்லோரையும் சுவருக்குப் பக்கத்தில் அழைத்துப் போங்கள். அந்தக் கல்லுக்குக் கொக்கினா என்று பெயர். கிட்டே நின்று பார்த்தால் முழுக்க முழுக்கச் சிப்பி தெரியும். சுண்டுவிரல் நகத்தளவு ஓடுகள், உடைந்ததும் உடையாததுமாக ஒன்றோடொன்று ஒட்டி, நடுநடுவே சின்னச் சின்னத் துளைகளோடு கல்லாகவே இறுகிப் போயிருக்கும். தண்ணீருக்கு அந்தப் பக்கம் தெரியும் அனஸ்தாசியா தீவில் வெட்டிப் படகில் கொண்டுவந்தார்கள். வெட்டும்போது ஈரமாக, மென்மையாக இருக்கும். காயக் காய இறுகும். 1702-ல் கரோலைனாவிலிருந்து வந்த ஆங்கிலேயப் படை ஏறத்தாழ இரண்டு மாதம் முற்றுகையிட்டபோது, ஊர்மக்கள் சுமார் 1,500 பேர் இதற்குள்தான் அடைக்கலம் புகுந்தார்கள். பீரங்கிக் குண்டு பட்டால் கருங்கல் தெறித்துப் பிளக்கும். கொக்கினா குண்டை உள்ளே வாங்கிக்கொண்டு நின்றது. கோட்டையைப் பிடிக்க முடியாத ஆங்கிலேயர் ஊரைக் கொளுத்திவிட்டுப் போனார்கள். இன்று 'பழைய வீடு' என்று காட்டப்படும் வீடுகள் எல்லாம் அந்தத் தீக்குப் பிறகு எழுந்தவை.

இந்தக் கோட்டையை யார் கட்டினார்கள் என்பதையும் சொல்லுங்கள். ஹவானாவிலிருந்து வந்த கொத்தர்கள், கைதிகள், வேலைக்குக் கொண்டுவரப்பட்ட திமுக்குவா, குவாலே, அபலாச்சி பூர்வகுடிகள், ஸ்பானிய அரசுக்குச் சொந்தமாக்கப்பட்டிருந்த ஆப்பிரிக்க அடிமைகள் என்று எல்லோருடைய உழைப்பும் இதில் இருக்கிறது. பிறகு அமெரிக்கர் கைக்கு வந்தபோது இதுவே சிறை ஆனது. செமினோல் பூர்வகுடித் தலைவர் ஆசியோலாவை 1837-ல் சமாதானக் கொடியின் கீழ் பேச வந்த இடத்தில் பிடித்து இங்கேதான் அடைத்தார்கள். 1875-ல் மேற்குச் சமவெளியிலிருந்து ஷையான், கைவா உள்ளிட்ட பூர்வகுடி இனத்தவரை விலங்கிட்டுக் கொண்டுவந்து மூன்று ஆண்டு வைத்திருந்தார்கள். அவர்கள் கணக்கு நோட்டுத் தாள்களில் தாங்கள் வேட்டையாடிய நிலத்தையும் குதிரைகளையும் வண்ணத்தில் வரைந்தார்கள். அந்தப் படங்களை ஊருக்கு வந்த சுற்றுலாப் பயணிகள் காசு கொடுத்து வாங்கிப் போனார்கள். சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு இந்த ஊர் அப்போதே பழகியிருந்தது.

அடுத்து, நாம் இதுவரை போகாத இடம். கோட்டைக்கு வடக்கே இரண்டு மைலில் ஃபோர்ட் மோசே இருக்கிறது. நெடுஞ்சாலையில் போகும்போது பலகையைப் பார்த்திருப்பீர்கள், பேருந்து நின்றிருக்காது.

1693-ல் ஸ்பெயின் மன்னர் இரண்டாம் சார்லஸ் ஓர் ஆணை போட்டார். ஆங்கிலேயத் தோட்டங்களிலிருந்து தப்பி புளோரிடா வந்து, கத்தோலிக்க சமயத்தைத் தழுவும் அடிமைகளுக்கு விடுதலை. கரோலைனாக்காரர்களின் தோட்டத் தொழிலைக் குலைக்க வேண்டும் என்ற கணக்கு அதில் இருந்தது. மன்னரின் கருணை என்று மட்டும் பார்க்க வேண்டியதில்லை. ஆனால் சேதி தோட்டங்களுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. சதுப்பையும் ஆறுகளையும் கடந்து, பிடிபட்டால் என்ன ஆகும் என்று தெரிந்தே, மனிதர்கள் தெற்கு நோக்கி ஓடிவந்தார்கள். அடிமைகள் வடக்கே தப்பிய கதையைப் பிள்ளைகள் பள்ளியில் படிக்கிறார்கள். அதற்கு நூறு ஆண்டு முன்பே தெற்கே ஒரு பாதை இருந்தது என்பது பாடத்தில் அவ்வளவாக வருவதில்லை.

அப்படி வந்தவர்களுக்காக 1738-ல் எழுந்த ஊர்தான் மோசே. இன்றைய அமெரிக்க எல்லைக்குள் சட்டப்படி ஏற்கப்பட்ட முதல் சுதந்திரக் கறுப்பின மக்களின் குடியிருப்பு அது. அங்கிருந்த படைக்குத் தலைவர் பிரான்சிஸ்கோ மெனெண்டஸ், ஆப்பிரிக்காவில் பிறந்து கரோலைனாவில் அடிமையாக இருந்து தப்பி வந்தவர். 1740-ல் ஜார்ஜியாவிலிருந்து ஆங்கிலேயத் தளபதி ஓகில்தார்ப் படையெடுத்து வந்தபோது மோசே பறிபோனது. ஜூன் மாதம் ஒருநாள் விடியும் முன்னே ஸ்பானிய வீரர்களும் பூர்வகுடிகளும் மோசே வீரர்களும் சேர்ந்து தாக்கி அதை மீட்டார்கள். கோட்டை நாசமானது, 1752-ல் மறுபடி கட்டினார்கள். 1763-ல் ஸ்பெயின் புளோரிடாவை பிரிட்டனுக்கு விட்டுக்கொடுத்ததும், மோசே மக்கள் மீண்டும் அடிமையாகிவிடக் கூடாது என்று கியூபாவுக்குக் கப்பலேறிவிட்டார்கள்.

அங்கே போனால் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். முதல் கோட்டை இருந்த இடத்தைச் சதுப்பும் தண்ணீரும் மூடிவிட்டன. இரண்டாவது கோட்டையின் இடத்தை 1980-களில் அகழாய்வு செய்து உறுதிப்படுத்தினார்கள். 2025-ல் பழைய கோட்டையின் மாதிரி ஒன்றைக் கட்டித் திறந்திருக்கிறார்கள். சிறிய அருங்காட்சியகம் இருக்கிறது. மர நடைபாதை சதுப்பின் மேல் நீள்கிறது. இருபுறமும் இடுப்புயரக் கோரைப்புல், அடியில் கறுத்த சேறு, சேற்றில் நண்டுகள். அந்தச் சேற்றில் கால் புதையப் புதைய நடந்து வந்தவர்களைப் பற்றி அங்கே நின்று சொன்னால் பிள்ளைகளுக்குப் புரியும். பஸ் ஜன்னல் வழியாகச் சொன்னால் புரியாது. கொசு மருந்து எடுத்துப் போங்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 'இளமை ஊற்று' பூங்காவில் உள்ள, குடித்தால் இளமை திரும்பும் என்ற தண்ணீர்க் கதை பிற்காலத்தில் கட்டிவிட்டது. ஆனால் அந்த நிலம் உண்மையானது: 1565-ல் வந்த ஸ்பானியர் முதலில் முகாமிட்டது அங்கே இருந்த திமுக்குவா கிராமத்தில்தான் என்று அகழாய்வில் தெரிந்திருக்கிறது. போகிறவர்கள் அதைப் பாருங்கள். கலங்கரை விளக்கத்தில் 219 படி. முழங்கால் வலி உள்ள பெரியவர்களைக் கீழேயே உட்கார வையுங்கள். 1893-லிருந்து இயங்கும் முதலைப் பண்ணையில் நம் ஊர்ச் சதுப்பு முதலையும் கங்கைக் கரியாலும் உண்டு. வசந்த காலத்தில் போனால், முதலைக் குளத்துக்கு மேலே உள்ள மரங்களில் நாரைகளும் இளஞ்சிவப்புக் கரண்டிவாயன்களும் கூடு கட்டியிருக்கும். கீழே முதலை காவல் இருப்பதால் முட்டை திருடும் ரக்கூன் அந்த மரங்களில் ஏறாது. விளக்குத் திருவிழா நவம்பர் நடுவில் தொடங்கி ஜனவரி வரை நடக்கும். சனி ஞாயிறு மாலைகளில் வண்டி நகராது, வாரநாளில் வையுங்கள்.

சாப்பாட்டு விஷயத்தில் ஒன்று மட்டும். இந்த ஊருக்கென்று டேட்டில் என்றொரு மிளகாய் இருக்கிறது. சுண்டுவிரல் நீளம், பழுத்தால் மஞ்சளும் ஆரஞ்சுமாக இருக்கும், கடித்தால் முதலில் பழ வாசனை வரும், பிறகு காரம் ஏறும். நம் வீட்டுக்காரர்கள் சாஸ் பாட்டில் வாங்கிப் போகாமல் திரும்ப மாட்டார்கள். இந்த மிளகாயோடு சேர்த்துச் சொல்லப்படும் மினோர்க்கர்களின் கதையையும் சொல்லிக் கொடுங்கள். 1768-ல் மினோர்க்கா, கிரீஸ், இத்தாலி பகுதிகளிலிருந்து சுமார் 1,400 பேரை ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றி, தெற்கே நியூ ஸ்மிர்னாவில் அவுரித் தோட்டத்துக்குக் கொண்டுவந்தார்கள். நோயிலும் பட்டினியிலும் பாதிக்கு மேல் மாண்டார்கள். எஞ்சியவர்கள் 1777-ல் தோட்டத்தை விட்டு வெளியேறி, கால்நடையாக செயின்ட் அகஸ்டின் வந்து சேர்ந்தார்கள். இலங்கைக்கும் பிஜிக்கும் நடாலுக்கும் ஒப்பந்தக் கூலிகளாகப் போன நம் முன்னோர் கதை தெரிந்த எவருக்கும் இதைக் கேட்டால் நெஞ்சு அடைக்கும். அந்த மினோர்க்கர்களின் வழிவந்தவர்கள் இன்றும் இந்த ஊரில் வாழ்கிறார்கள்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது.

ஊர் நடுவே ஒரு பூங்கா. அதில் கூரையிட்ட திறந்த மண்டபம் ஒன்றில் வெயிலுக்கு ஒதுங்குகிறோம், பொட்டலம் பிரித்துச் சாப்பிடுகிறோம். அந்த மண்டபத்துக்கு அடிமைச் சந்தை என்று பெயர். 1964 கோடையில், லிங்கன்வில் பகுதியிலிருந்து கறுப்பின மக்கள் இன ஒதுக்கலை எதிர்த்து இரவு இரவாக இந்த இடத்தை நோக்கி ஊர்வலம் வந்தார்கள். அவர்களை அடிக்க ஒரு கூட்டம் இங்கே காத்திருந்தது. ஜூன் 9 இரவு, மார்ட்டின் லூதர் கிங்கின் தோழர் ஆண்ட்ரூ யங் இங்கே அடித்து வீழ்த்தப்பட்டார். எழுந்து மறுபடி நடந்தார். இன்று அந்த மூலையில் அவர் பெயரில் நினைவிடம் இருக்கிறது. பூங்காவிலேயே அந்தப் போராட்டக்காரர்களுக்கு 2011-ல் சிலை வைத்திருக்கிறார்கள். நான்கு முகங்கள், வெண்கலத்தில். பெரும்பாலானவர்கள் அதைக் கடந்து ஐஸ்கிரீம் கடைக்குப் போகிறார்கள்.

போராட்டத்துக்கு வித்திட்டதே ஒருவகையில் சுற்றுலாதான். 1965-ல் வரும் 400-வது ஆண்டு விழாவுக்கு நகரம் பெரிய ஏற்பாடுகள் செய்துகொண்டிருந்தது. மத்திய அரசிடம் பணமும் கேட்டது. விழாக் குழுவில் ஒரு கறுப்பினத்தவர்கூட இல்லை. 1963 மார்ச்சில் துணை அதிபர் லிண்டன் ஜான்சன் விழாத் தொடக்கத்துக்கு வந்தார். கறுப்பினத் தலைவர்கள் வற்புறுத்தியதால் விருந்தில் அவர்களுக்கு இரண்டு மேசை ஒதுக்கினார்கள். நகராட்சியோடு பேச்சுவார்த்தைக்கும் உறுதி தரப்பட்டது. பேசப் போன இடத்தில் நகராட்சி உறுப்பினர் எவரும் இல்லை. அவர்கள் சொல்வதைப் பதிவு செய்ய ஒரு டேப் ரிக்கார்டர்தான் வைக்கப்பட்டிருந்தது.

இயக்கத்தை முன்னின்று நடத்தியவர் ராபர்ட் ஹேலிங், பல் மருத்துவர். அவரை கூ க்ளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறிக் கூட்டம் பிடித்துக் குற்றுயிராக அடித்துப் போட்டது. அவர் வீட்டின் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. அவருடைய மருத்துவமனை இருந்த கட்டடம் இன்று அருங்காட்சியகம். 1963 கோடையில் உணவுக் கடையில் வெள்ளையருக்கான இடத்தில் உட்கார்ந்து ஹாம்பர்கர் கேட்ட நான்கு பதின்வயதினரை, இனிப் போராட மாட்டோம் என்று எழுதித் தர மறுத்ததற்காக, ஆறு மாதத்துக்குக் கிட்டத்தட்ட சிறையிலும் சீர்திருத்தப் பள்ளியிலும் வைத்தார்கள். நம் தமிழ்ப் பள்ளியில் எட்டாம் நிலை படிக்கும் பிள்ளைகளின் வயது. 1964 மார்ச் கடைசியில் மாசசூசெட்ஸ் ஆளுநரின் தாயார், 72 வயதில் இங்கே வந்து, கறுப்பினத் தோழிகளோடு ஒரே மேசையில் உட்கார்ந்ததற்காகச் சிறை போனார்.

கடற்கரைச் சாலையில் இன்று ஹில்டன் விடுதி இருக்கும் இடத்தில் அன்று மான்சன் மோட்டார் லாட்ஜ் இருந்தது. ஜூன் 11 அன்று அதன் வாசற்படியில் சாப்பாடு கேட்டு நின்ற மார்ட்டின் லூதர் கிங்கைக் கைது செய்தார்கள். ஜூன் 18 அன்று, அங்கே அறை எடுத்திருந்த வெள்ளையர்களின் விருந்தினராகக் கறுப்பின இளைஞர்கள் நீச்சல் குளத்தில் இறங்கினார்கள். விடுதி மேலாளர் அமிலக் குடுவையைக் கொண்டுவந்து தண்ணீரில் ஊற்றினார். குளத்துக்குள் இருந்தவர்கள் அலறும் அந்தப் புகைப்படம் உலகம் முழுக்கப் போனது. அவர்களை வெளியே இழுக்கக் காவலர் ஒருவர் தண்ணீரில் குதித்தார். அதே நாளில், கிங் அழைத்ததை ஏற்று வந்த யூத குருமார்கள் 16 பேர் கைதானார்கள். நாங்கள் ஏன் வந்தோம் என்று அன்றிரவு சிறையிலிருந்தே ஒரு கடிதம் எழுதினார்கள். மறுநாள் ஜூன் 19, இன ஒதுக்கலைத் தடை செய்யும் குடிமை உரிமைகள் சட்டம் செனட்டில் நிறைவேறியது. ஜூலை 2 அன்று, அப்போது அதிபராகிவிட்ட ஜான்சன் கையெழுத்திட்டார். லாட்ஜை 2003-ல் இடித்துவிட்டார்கள். கிங் கைதான படிகளை மட்டும் எடுத்து ஹில்டன் வளாகத்தில் வைத்திருக்கிறார்கள்.

பொதுக் குளத்தில் இறங்கக் கூடாது, தண்ணீர் மொள்ளக் கூடாது என்று நம் மக்களிலேயே ஒரு பகுதியினரைத் தடுத்த மண்ணிலிருந்து வந்தவர்கள் நாம். அதைப் பற்றி வீட்டில் பிள்ளைகளிடம் பேசத் தயங்குகிறோம். அந்தப் படிகளின் முன் நின்றால் அந்தப் பேச்சைத் தொடங்கலாம்.

இந்த ஊர் நம்மைத் தொடும் இடம் இன்னொன்றும் உண்டு. 1946 சட்டப்படி இந்தியா முழுமைக்கும் அமெரிக்கா ஒதுக்கியிருந்த குடியேற்ற இடங்கள் ஆண்டுக்கு 100. பிறந்த நாட்டை வைத்து ஆளை அளக்கும் அந்த ஒதுக்கீட்டை ஒழித்த சட்டம் 1965 அக்டோபர் 3 அன்று வந்தது. அதில் கையெழுத்திட்டவரும் அதே ஜான்சன்தான். கறுப்பின மக்கள் அடி வாங்கி, சிறை போய், இன ஒதுக்கலை இந்த நாட்டுக்கே வெட்கக்கேடாக்கியிருக்காவிட்டால், அடுத்த ஆண்டே குடியேற்றச் சட்டம் அப்படி மாறியிருக்குமா? மாறியிருக்காது என்றே நான் உறுதியாக நினைக்கிறேன். நம் சங்கங்களின் உறுப்பினர் பட்டியலில் உள்ள குடும்பங்கள் இங்கே வரத் திறந்த கதவைத் தள்ளியவர்களில் செயின்ட் அகஸ்டின்காரர்களும் உண்டு. பச்சை அட்டையும் குடியுரிமையும் வாங்கிக் கொண்டாடும் நாம், அவர்கள் நடந்த தெருவில் அரை மணி நேரமாவது நடக்க வேண்டும் அல்லவா?

ஆகவே என் வேண்டுகோள் இது. காலையில் முதலில் ஃபோர்ட் மோசே. வெயில் ஏறும் முன் சதுப்பைப் பார்த்துவிடலாம், பேருந்து நிறுத்தவும் இடமுண்டு. பிறகு கோட்டை. மதியச் சாப்பாட்டுக்குப் பின் பூங்கா, வெண்கலச் சிலை, ஹில்டன் வளாகத்துப் படிகள். அங்கிருந்து தெற்கே லிங்கன்வில். 1866-ல் விடுதலை பெற்ற அடிமைகள் உருவாக்கிய குடியிருப்பு அது; போராட்டத்தோடு தொடர்புள்ள வீடுகளின் முன் விவரப் பலகை வைத்திருக்கிறார்கள், கிங் தங்கிய வீடுகள் உட்பட. பழைய கறுப்பினப் பள்ளிக் கட்டடத்தில் லிங்கன்வில் அருங்காட்சியகம் இயங்குகிறது. நடக்கிற தூரம்தான், ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாக்களை மட்டும் பேருந்திலேயே அங்கே இறக்கிவிடுங்கள். அந்தி சாய்ந்ததும் விளக்குகள், கடைத்தெரு, ஐஸ்கிரீம், போட்டோ. குழந்தைகளுக்கு எதுவும் குறையாது.

அருங்காட்சியகத்துக்கு முன்கூட்டியே எழுதுங்கள். ஐம்பது பேர் திடீரென்று போய் நிற்பது முறையாகாது. திறந்திருக்கும் நாளையும் கேட்டுக்கொள்ளுங்கள். நுழைவுக் கட்டணத்தைப் பயணக் கட்டணத்திலேயே சேர்த்துவிட்டால், வாசலில் நின்று 'உள்ளே போகணுமா, வேண்டாமா' என்ற பேச்சு வராது. தமிழ்ப் பள்ளி ஆசிரியர்கள் கிளம்பும் முன் ஒரு வகுப்பு எடுத்தால் இன்னும் நல்லது. மோசே, லிங்கன்வில் இரண்டைப் பற்றியும் பேருந்தில் படிக்க ஆளுக்கு இரண்டு பக்கத்தில் தமிழ்க் குறிப்பு எழுதித் தர நான் தயாராக இருக்கிறேன். டிசம்பர் பயணத்துக்கு வேண்டுமென்றால் நவம்பர் முதல் வாரத்துக்குள் சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
ஜாக்சன்வில்லிலிருந்து ஒரு சங்க உறுப்பினர்